உங்களுக்குத் தெரியுமா? கடைசிப் பத்து மீட்டர்

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் ஆசையாக வாங்கி அனுப்பிய ஸ்மார்ட் ஸ்பீக்கர், பெட்டியோடு அலமாரியில் கிடக்கும் வீடுகள் நிறைய. கேட்டால், "வைஃபையில சேரமாட்டேங்குது" என்பார்கள். குறை பெரும்பாலும் ஸ்பீக்கரில் இருக்காது. ரவுட்டருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே உள்ள பத்து மீட்டரில்தான் இருக்கும். பழைய வீடுகளும் நெருக்கமான தெருக்களும் கொண்ட கொச்சி மட்டாஞ்சேரியை வைத்து அந்தப் பத்து மீட்டரைப் பற்றிச் சில துணுக்குகள்.

கடலுக்கு அடியில் ஒரு பாதை

தென்னாப்பிரிக்காவின் மெல்க்போஸ்ஸ்ட்ராண்டில் புறப்பட்டு, ரியூனியன், மொரீஷியஸ் தீவுகளைத் தொட்டு, கொச்சியில் கரையேறி, மலேசியாவின் பினாங்குக்குப் போகிறது 'சேஃப்' என்ற கடலடிக் கேபிள். நீளம் சுமார் 13,500 கிலோமீட்டர். 2002-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன்பே ஐரோப்பாவையும் கிழக்காசியாவையும் இணைத்த 'சீ-மீ-வீ 3' கேபிளும் கொச்சியில் கரை தொட்டிருந்தது. ஒரு காலத்தில் மிளகும் ஏலமும் கப்பலேறிய கரையில் இன்று தகவல் இறங்குகிறது. இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் தடையின்றி வரும் இணையம், உங்கள் வீட்டுக் கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவில் தடுமாறுகிறது!

தீவுகளுக்கும் கொச்சியே வாசல்

லட்சத்தீவு மக்கள் நெடுங்காலம் செயற்கைக்கோள் இணைப்பை மட்டுமே நம்பியிருந்தார்கள். கொச்சியிலிருந்து தீவுகளுக்கு 1,868 கிலோமீட்டர் கடலடி ஒளியிழைக் கேபிள் போடப்பட்டு, 2024 ஜனவரி 3 அன்று கவரத்தியில் பிரதமர் நரேந்திர மோடியால் தொடங்கி வைக்கப்பட்டது. செலவு ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்.

மின்கம்பத்தில் இணையம்

கேரள அரசின் கே-ஃபோன் திட்டம் 2023 ஜூன் 5 அன்று தொடங்கியது. மின்வாரியத்தின் கம்பங்கள் வழியாகவே ஒளியிழையைக் கொண்டுபோய், சுமார் 30,000 அரசு அலுவலகங்களுக்கு இணைப்பும், 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பும் தருவது என்பது இலக்கு. இணையம் குடிமக்களின் உரிமை என்று கேரள அரசு 2017 பட்ஜெட்டிலேயே சொல்லியிருந்தது.

எர்ணாகுளத்தில் ஒரு தீர்ப்பு

மட்டாஞ்சேரியிலிருந்து காயலைத் தாண்டினால் எர்ணாகுளம். அங்குள்ள கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பர் 19 அன்று ஃபஹீமா ஷிரின் வழக்கில் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது. கல்லூரி விடுதியில் மாணவிகள் மாலை நேரத்தில் கைபேசி வைத்திருக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கு அது. இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை, கல்வி உரிமையிலும் அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தரும் தனியுரிமையிலும் அடங்கும் என்றது நீதிமன்றம்.

சுவர் தடித்தால் அலை மெலியும்

மட்டாஞ்சேரி அரண்மனை போர்த்துகீசியர் 1555-இல் கட்டித் தந்தது. 1663-இல் டச்சுக்காரர்கள் புதுப்பித்ததால் 'டச்சு அரண்மனை' ஆகிவிட்டது. இந்தப் பகுதியின் பழைய வீடுகளிலும் கிடங்குகளிலும் வெட்டுக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய தடித்த சுவர்களைப் பார்க்கலாம். கேரள வெட்டுக்கல்லுக்கு உலகப் புகழ் உண்டு. மலப்புறம் மாவட்டத்து அங்காடிப்புறத்தில் பார்த்த இந்தக் கல்லைத்தான் பிரான்சிஸ் புக்கானன் 1807-இல் வெளிவந்த தம் பயண நூலில் அறிவுலகுக்கு அறிமுகம் செய்தார். வெயிலுக்குக் குளிர்ச்சி தரும் இந்தச் சுவர் வைஃபைக்குப் பெரிய தடை. அலை கடக்க வேண்டிய தடிமன் கூடக் கூட அதன் வலு குறையும். மழைக்காலத்தில் சுவரில் ஈரம் ஏறினால் இன்னும் குறையும். ஏனெனில் நீர் இந்த அலைகளை உறிஞ்சும்.

பாதி, பாதியில் பாதி

வைஃபை வலுவை டெசிபெல்லில் அளக்கிறார்கள். 3 டெசிபெல் குறைந்தால் வலு பாதியாகிவிட்டது என்று பொருள். 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. கைபேசியில் வைஃபை அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஸ்பீக்கர் வைக்கப்போகும் இடத்தில் நின்று பாருங்கள். எண் மைனஸில் காட்டும். மைனஸ் 50 என்றால் அருமை. மைனஸ் 67 வரை கவலையில்லை. மைனஸ் 80-ஐத் தொட்டால் பாட்டு விட்டு விட்டுத்தான் வரும். இடத்தை மாற்றுங்கள்.

இரண்டு அலைவரிசை, இரண்டு குணம்

ரவுட்டர்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. 2.4-இன் அலைநீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர்; வேகம் குறைவு, ஆனால் சுவரைத் தாண்டிப் போகும். 5-இன் அலைநீளம் அதில் பாதிக்கும் குறைவு. வேகம் அதிகம், சுவரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். பாட்டுக்கும் செய்திக்கும் 2.4 தாராளமாகப் போதும். பழைய வீட்டில் ஸ்பீக்கரை 2.4-இல் சேர்ப்பதே நல்லது. ஸ்மார்ட் பல்பும் ஸ்மார்ட் பிளக்கும் பல நேரம் 2.4-ஐ மட்டுமே அறியும்.

2005 முதல்

வீட்டில் வைஃபை வைக்க நாம் யாரிடமும் உரிமம் கேட்பதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று 2005 ஜனவரியில் மத்திய அரசு விதி வகுத்தது. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இந்தத் தளர்வு 2018-இல் விரிவாக்கப்பட்டது.

சுவரைத் துளைத்த வங்காளி

கம்பியில்லா அலை சுவரைக் கடக்கும் என்பதை இந்திய மண்ணில் பலர் முன்னிலையில் காட்டியவர் ஜகதீச சந்திர போஸ். 1895-இல் கல்கத்தா டவுன் ஹாலில், சுவருக்கு அப்பாலிருந்து அலையை அனுப்பி மணியை ஒலிக்க வைத்தார். வெடிமருந்தைப் பற்ற வைத்தார். அவர் ஆய்வு செய்த அலைகள் இன்றைய வைஃபை அலைகளைவிடவும் குறுகியவை. மில்லிமீட்டர் அளவினவும் அவற்றில் உண்டு.

உளுந்து வடை வடிவில் அலை

ரவுட்டரின் ஆன்டெனாவை நேராக நிமிர்த்தி வைத்தால், அலை அதைச் சுற்றிப் பக்கவாட்டில் பரவும். ஆன்டெனா நடுத்துளையில் நிற்க, சுற்றிலும் உளுந்து வடை இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதனால் ஆன்டெனாவின் நுனிக்கு நேர் மேலே அலை மிகக் குறைவு. ஸ்பீக்கர் மாடியில், ரவுட்டர் அதற்கு நேர் கீழே என்றால், இரண்டு ஆன்டெனாக்களில் ஒன்றைப் படுக்க வையுங்கள். பழைய வீடுகளின் மரத் தளம், கான்கிரீட் தளத்தைவிட அலைக்கு நன்றாகவே வழிவிடும்.

ரவுட்டருக்கு ஏற்ற இடம்

இணைப்புக் கொடுக்க வந்தவர் கேபிள் நுழைந்த மூலையிலேயே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போவது வழக்கம். கூடுதலாகச் சில மீட்டர் கேபிள் கேட்டு வாங்கி, வீட்டின் நடுப்பகுதியில், தலை உயரத்துக்கு மேல் மாட்டச் சொல்லுங்கள். இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, மீன் தொட்டி, தண்ணீர்த் தொட்டி ஆகியவை பக்கத்தில் வேண்டாம். உலோகமும் கண்ணாடியின் பின்பூச்சும் அலையைத் திருப்பிவிடும், நீர் குடித்துவிடும்.

அடுக்களைப் போட்டி

மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வது 2.45 கிகாஹெர்ட்ஸில். உங்கள் வைஃபையும் அதே பட்டையில்தான். தொழில், மருத்துவம், அறிவியல் பயன்பாட்டுக்கென இந்தப் பட்டையை 1947-இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய சர்வதேச மாநாடு ஒதுக்கியது. அடுப்பிலிருந்து கசிவது மிகச் சிறிதளவே, உடம்புக்குப் பயமில்லை. ஆனால் அருகிலுள்ள ஸ்பீக்கரின் பாட்டு தடைபட அதுவே போதும். இரண்டையும் தள்ளி வையுங்கள்.

1, 6, 11

2.4 பட்டையில் பல சேனல்கள் உண்டு. அவற்றில் ஒன்றோடொன்று மோதாமல் விலகி நிற்பவை 1, 6, 11 என்ற மூன்று. சுவரோடு சுவர் ஒட்டிய மட்டாஞ்சேரித் தெருக்களில் கைபேசியைத் திறந்தால் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் வரிசையாக வரும். எல்லோரும் ஒரே சேனலில் இருந்தால் எல்லோருக்கும் தாமதம். எந்தச் சேனலில் கூட்டம் குறைவு என்று செயலியில் பார்த்து, ரவுட்டரை அதற்கு மாற்றிவிடலாம்.

முதல் இணைப்பில் நடப்பது என்ன?

ஸ்பீக்கருக்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. பிறகு கடவுச்சொல்லை எப்படி வாங்கிக்கொள்கிறது? முதன்முறை மின்சாரம் கொடுத்ததும் அது ப்ளூடூத் வழியாகவோ, தானே சிறு வைஃபை ஒன்றை உருவாக்கியோ உங்கள் கைபேசியைக் கூப்பிடும். கைபேசியில் உள்ள அலெக்ஸா அல்லது கூகுள் ஹோம் செயலி அதைக் கண்டுபிடித்து, வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் அதனிடம் ஒப்படைக்கும். அதன் பின் ஸ்பீக்கர் தானாக ரவுட்டரிடம் போய்ச் சேர்ந்துகொள்ளும். ஆகவே இந்தச் சில நிமிடங்களுக்குக் கைபேசியில் ப்ளூடூத்தும் இருப்பிட அனுமதியும் திறந்திருக்க வேண்டும். வி.பி.என் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

வளையம் சொல்லும் சேதி

அமேசான் எக்கோவில் ஆரஞ்சு ஒளி சுழன்றால் இணைப்புக்குத் தயார் என்று பொருள். நீலம் என்றால் உங்கள் பேச்சைக் கேட்கிறது. மஞ்சள் துடித்தால் ஏதோ அறிவிப்பு காத்திருக்கிறது. சிவப்பு நிலையாக எரிந்தால் மைக் அணைக்கப்பட்டிருக்கிறது. ஆரஞ்சு வரவில்லையா? புள்ளி போட்ட பொத்தானை ஆரஞ்சு வரும்வரை விடாமல் அழுத்திப் பிடியுங்கள்.

கடவுச்சொல்லில் பெரிய எழுத்து

பல நேரம் தவறு இங்கேதான். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வைஃபை கடவுச்சொல்லில் வெவ்வேறு. கைபேசியின் விசைப்பலகை சில நேரம் முதல் எழுத்தைத் தானாகவே பெரிதாக்கிவிடும். கடைசியில் ஓர் இடைவெளியையும் சேர்த்துவிடும். கடவுச்சொல்லைக் கண்ணால் பார்க்கும்படி வைத்துக்கொண்டு தட்டச்சு செய்யுங்கள்.

ஹோம்ஸ்டே வைஃபையில் ஏன் சேராது?

மட்டாஞ்சேரியிலும் ஃபோர்ட் கொச்சியிலும் ஹோம்ஸ்டேக்கள் ஏராளம். சில தங்கும் விடுதிகளில் வைஃபையில் சேர்ந்ததும் ஒரு பக்கம் திறந்து, அறை எண்ணோ கைபேசிக்கு வந்த ஓ.டி.பி-யோ கேட்கும். ரயில் நிலையங்களிலும் இதே முறைதான். ரெயில்டெல்லும் கூகுளும் சேர்ந்து 2016-இல் இலவச வைஃபை தந்த முதல் நிலையங்களின் வரிசையில் எர்ணாகுளம் சந்திப்பும் உண்டு. திரையில்லாத ஸ்பீக்கருக்கு அந்தப் பக்கத்தை நிரப்பத் தெரியாது. பயணத்தில் கைபேசி ஹாட்ஸ்பாட்டே கைகொடுக்கும்.

விருந்தாளி வைஃபை

ரவுட்டரில் 'கெஸ்ட்' என்று தனி வைஃபை இருக்கும். அதில் சேரும் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி பல ரவுட்டர்கள் தடுத்துவிடும். ஸ்பீக்கர் அதிலும் கைபேசி முதன்மை வைஃபையிலும் இருந்தால், கைபேசியிலிருந்து பாட்டை அனுப்ப முடியாது. இரண்டும் ஒரே வைஃபையில் இருக்கட்டும்.

ரவுட்டர் மாற்றினாலும் கவலையில்லை

புது ரவுட்டர் வாங்கினால் பழைய வைஃபை பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் அதற்கும் வைத்துவிடுங்கள். ஸ்பீக்கர், டிவி, பல்பு என்று எல்லாம் பெரும்பாலும் தாமாகவே சேர்ந்துகொள்ளும். தனியாக இருக்கும் பெரியவர்களின் வீட்டில் இந்த ஒரு யோசனை பெரிய உதவி.

நடிகையின் காப்புரிமை

ஹாலிவுட் நடிகை ஹெடி லமார், இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தெய்லுடன் சேர்ந்து, அலைவரிசையை ஓயாமல் மாற்றிக்கொண்டே சேதி அனுப்பும் முறைக்கு 1942 ஆகஸ்டில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். எதிரி டார்பிடோவைத் திசைதிருப்பாமல் காப்பது நோக்கம். இதே கொள்கையில்தான் ப்ளூடூத் வேலை செய்கிறது. கைபேசியிலிருந்து ப்ளூடூத்தில் பாட்டு வரும்போது, இணைப்பு விநாடிக்கு 1,600 முறை வரை இடம் மாறுகிறது.

கருந்துளையைத் தேடியதில் கிடைத்தது

வெடித்துச் சிதறும் சிறு கருந்துளைகளின் ரேடியோ சேதியைத் தேடிக்கொண்டிருந்தார் ஆய்வாளர் ஜான் ஓ'சல்லிவன். அது கிடைக்கவில்லை. ஆனால் அந்தத் தேடலில் பழகிய கணித உத்தி, பிற்பாடு ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ நிறுவனத்தில் அவரும் தோழர்களும் வேறொரு சிக்கலை அவிழ்க்க உதவியது. சுவர்களில் பட்டு எதிரொலிக்கும் அலைகள் ஒன்றோடொன்று குழம்புவதுதான் அந்தச் சிக்கல். இன்று வைஃபையில் பயன்படும் அந்தத் தீர்வுக்கு 1996-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 2012-இல் ஐரோப்பியக் கண்டுபிடிப்பாளர் விருதும் அந்தக் குழுவைத் தேடி வந்தது.

இடியும் மின்வெட்டும்

இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன்னும், துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழையிலும் கேரளத்தில் இடிமின்னல் கடுமை. ஒளியிழை கண்ணாடி என்பதால் மின்னலைக் கடத்தாது. ஆனால் ரவுட்டரின் அடாப்டர் மின்கம்பியில்தானே செருகியிருக்கிறது? இடி நெருங்கினால் ரவுட்டர், ஸ்பீக்கர் இரண்டின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். சாதாரண மின்வெட்டுக்கு 12 வோல்ட் மினி யு.பி.எஸ் ஒன்றை ரவுட்டருக்கு வைத்தால் இணைப்பு விடாது. மின்சாரம் திரும்பியதும் ஸ்பீக்கர் சேராவிட்டால் பதறாதீர்கள். ரவுட்டர் எழுந்து நிற்க ஓரிரு நிமிடம் ஆகும்.

எவ்வளவு டேட்டா ஆகும்?

விநாடிக்கு 128 கிலோபிட் தரத்தில் பாட்டு கேட்டால் மணிக்குச் சுமார் 58 மெகாபைட் செலவாகும். ஒரு ஜிபி-யில் ஏறத்தாழ 17 மணி நேரம் கேட்கலாம். கைபேசி ஹாட்ஸ்பாட்டில் கேட்பவர்களுக்கும் இது கட்டுப்படியாகும்.

இந்த மண்ணின் குரல்கள்

கே.ஜே. யேசுதாஸ் பிறந்தது 1940 ஜனவரி 10 அன்று, மட்டாஞ்சேரிக்கு அடுத்துள்ள ஃபோர்ட் கொச்சியில். மலையாளத்தில் கஸல் பாடிப் புகழ்பெற்ற உம்பாயி மட்டாஞ்சேரிக்காரர். 2018 ஆகஸ்ட் 1 அன்று மறைந்தார். அவருக்கு முந்திய தலைமுறையில் கொச்சியின் கல்யாண வீடுகளிலும் மேடைகளிலும் மக்களைக் கட்டிப்போட்டவர் மெஹபூப். ஸ்பீக்கரிடம் பாட்டு கேட்கும்போது பாட்டின் பெயர், பாடகர் பெயர், மொழி மூன்றையும் சேர்த்துச் சொன்னால் தேடல் தவறாது.

வானொலியும் உண்டு

ஆகாசவாணியின் பல மொழி ஒலிபரப்புகள் 2018-இல் அலெக்ஸா ஸ்பீக்கர்களுக்கு வந்துவிட்டன. டிரான்சிஸ்டர் இரைச்சலோடு மல்லுக்கட்டிய பெரியவர்கள், ஊர் விட்டு ஊர் வந்தாலும் தம் மொழி ஒலிபரப்பைத் தெளிவாகக் கேட்கலாம்.

தமிழும் மலையாளமும்

எக்கோ இந்தியாவுக்கு வந்தது 2017 அக்டோபரில். கூகுள் ஹோம் 2018 ஏப்ரலில். அலெக்ஸா இந்தி பேசத் தொடங்கியது 2019 செப்டம்பரில். அதே ஆண்டு கூகுள் அசிஸ்டென்ட் கைபேசிகளில் தமிழையும் மலையாளத்தையும் ஏற்றது. மட்டாஞ்சேரி சுற்றுவட்டாரத்தில் தமிழ், மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி என்று எத்தனையோ மொழிகள் புழங்குகின்றன. ஃபோர்ட் கொச்சியின் தோபி கானாவில் துணி வெளுக்கும் குடும்பங்கள் தமிழ்க் குடும்பங்கள். ஆங்கிலம் தெரியாத பாட்டிக்குத்தான் பேச்சில் இயங்கும் கருவி அதிகம் பயன்படும். ஸ்பீக்கர்களிலும் நம் மொழிகளுக்கு முழு இடம் வர வேண்டும்.

காது எப்போது திறக்கிறது?

'அலெக்ஸா', 'ஹே கூகுள்' போன்ற அழைப்புச் சொல்லைக் கண்டுகொள்ளும் வேலை ஸ்பீக்கருக்குள்ளேயே நடக்கிறது. அந்தச் சொல் விழுந்த பிறகே உங்கள் பேச்சு இணையம் வழியாக நிறுவனத்தின் சர்வருக்குப் போகும். சில நேரம் அதைப் போல ஒலிக்கும் வேறு சொல்லுக்கும் விழித்துக்கொள்வதுண்டு. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று சொல்லிவிட்டது. அந்த உரிமையை வீட்டில் காப்பது உங்கள் விரல். அந்தரங்கமாகப் பேசும்போது மைக்கை அணையுங்கள். செயலியில் உள்ள குரல் பதிவுகளை அவ்வப்போது அழித்துவிடுங்கள். வைஃபைக்கு டபிள்யு.பி.ஏ 2 அல்லது 3 பூட்டு போடுங்கள். ரவுட்டரோடு வந்த பழைய நிர்வாகக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்

வீட்டில் பெட்டியோடு கிடக்கும் ஸ்பீக்கரை இந்த ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுங்கள். நீங்களே இணைத்துக் கொடுத்துவிட்டுப் போகாமல், அம்மாவையோ அப்பாவையோ பக்கத்தில் உட்கார வைத்து, அவர்கள் கையாலேயே ஒவ்வொரு படியையும் செய்ய வையுங்கள். வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, அவர்கள் பத்திரப்படுத்தும் இடத்தில் வைத்துவிடுங்கள். அடுத்த முறை இணைப்பு விட்டால் அவர்கள் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.